கால் பட்ட யானை

எனக்கு மூக்குநுனியில் கோபம் வரும் என்பது யாழ்ப்பாணத்தில் என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். பரமட்டாவில் ஒருவருக்கும் தெரியாது. கோபிப்பதற்குக்கூடப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமல்லவா? எழுபதுகளின் நடுவில் நானும் கணவரும் சிட்னிக்கு வந்து, பரமட்டாவில் சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் குடியேறினோம். அவர் எஞ்சினியர். அந்தப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ளும்வரை ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார். காலையில் ஆறே முக்கால் ரெயினுக்கு ஓடினால், வேலை முடிந்து, மாலை வகுப்பும் முடிந்துதான் வருவார். வந்தால் சாப்பாடு, சாப்பிட்டால் நித்திரை.

நடுவில் கிடந்த பகல் முழுக்க என்னுடையது. பால்காரன் போத்தல் வைக்கிற சத்தம் கேட்டுக் கதவைத் திறப்பேன். போத்தல் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். எதிர்வீட்டு அம்மா படியில் கண்டால் காலை வணக்கம் சொல்வார். நான் ஆங்கிலத்தை ஒழுங்குபடுத்திப் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவருடைய கதவு சாத்தியிருக்கும். ஒரு கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் என்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்தேன். பாண் வாங்கிய கடையில் இரண்டு தரம் தாங்க்யூ. அவ்வளவுதான்.

நான் ஊரில் ஆறு வருடம் பாலர் வகுப்புக்குப் படிப்பித்தவள். நாற்பது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலால் கேட்கிற குரல் எனக்கு. அந்தக் குரல் தொண்டைக்குள்ளேயே கிடந்து துருப்பிடிக்கப்போகிறது என்று பயம் வந்தது. ஒருநாள் சமைத்தபடி குசினியில் நின்று, வகுப்பில் சொல்வதுபோல ‘அ, ஆ, இ, ஈ’ என்று உரத்துச் சொல்லிப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால், என் காலடியில் இருந்த தன் முகட்டைத் தட்டினார். அதோடு எனக்கும் ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார் என்று சிரித்தேன். பிறகு கதிரையில் இருந்து நன்றாக அழுதேன்.

இரண்டு சந்தி தள்ளி ஒரு தேவாலயம் இருந்தது. அதற்குப் பின்னால் தகரக்கூரை மண்டபம். கிழமை நாட்களில் அந்த மண்டபத்தில் நாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளி நடந்தது. உதவியாளர் தேவை என்று யன்னல் கண்ணாடியில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. சேலையை விட்டுவிட்டு, கணவர் வாங்கித் தந்த பழுப்புப் பாவாடையை மாட்டிக்கொண்டு, ஆசிரியர் கலாசாலைச் சான்றிதழோடு உள்ளே போனேன்.

அங்கே பொறுப்பாக இருந்தவரை நான் மனதுக்குள் பெரிய ரீச்சர் என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பது வயது, நெடிய உருவம், கழுத்தில் ஊதுகுழல். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். தமிழில் வரும்போது கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது, அதற்கு அவர் பொறுப்பில்லை. சான்றிதழை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், துணிக்கடையில் சீலை பார்ப்பதுபோல.

“இது இங்கே செல்லுமா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பிள்ளைகளைப் பிடிக்குமா?”

“படிப்பிக்கப் பிடிக்கும்” என்றேன்.

அவர் சிரித்தார். பள்ளி வருடத்தின் கடைசித் தவணை தொடங்கும் நேரம். தவணை முடியும்வரை நான் வேலை செய்யலாம், அதன் பிறகு தானும் பிள்ளைகளின் தாய்மார் குழுவும் பேசி முடிவு சொல்வதாகச் சொன்னார். டிசம்பர் வரைக்கும் என்னை வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் வைத்திருப்பார்கள். பிடிக்காவிட்டால் நான் மறுபடி மாடிவீட்டு யன்னலுக்குத் திரும்ப வேண்டும். 

முதல் மூன்று கிழமை தூரிகை கழுவினேன், தோடம்பழம் வெட்டினேன், நனைந்த காற்சட்டை மாற்றினேன். கலாசாலையில் முதல் வகுப்பில் தேறியவள் நான் என்று அந்தத் தோடம்பழங்களுக்குத் தெரியாது. ஆனால் பொய் சொல்லக்கூடாது, எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினெட்டுப் பிள்ளைகள். ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் யாராவது என்னிடம் எதையாவது கேட்டார்கள். மிஸ், சப்பாத்து. மிஸ், மூக்கு. மிஸ், அவன் என் வாளியை எடுத்துவிட்டான். ஒவ்வொரு மிஸ்ஸையும் நான் காது குளிரக் கேட்டேன்.

நாலாவது கிழமை பெரிய ரீச்சர் எனக்கு ஒரு சின்னப் பாடம் தந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் பாதிப் பிள்ளைகளை வெளியே மணல்தொட்டிக்குக் கூட்டிப் போவார். மிச்சம் ஒன்பது பேரை நான் உள்ளே பாயில் இருத்தி, மிருகங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கப் பழக்க வேண்டும். ஒரு பிஸ்கற் பெட்டி நிறைய மட்டைகள் இருந்தன. சஞ்சிகைகளில் இருந்து வெட்டி ஒட்டிய மாடு, பன்றி, சிங்கம், தாரா வாத்து, முதலை. அவற்றோடு மூன்று பிளாஸ்ரிக் வளையங்கள், பெண்பிள்ளைகள் இடுப்பில் சுழற்றுவார்களே, அந்த மாதிரி. ஒன்று பண்ணை மிருகத்துக்கு, ஒன்று காட்டு மிருகத்துக்கு, ஒன்று வீட்டு மிருகத்துக்கு.

எனக்கு அது தூசு. முதல் நாள் எழுந்து நின்றேன். ஒரு மட்டையைத் தூக்கினேன். பசு, பண்ணை, எல்லாரும் சொல்லுங்கோ. ஒன்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள். சிங்கம், காடு. கத்தினார்கள். பத்து நிமிடத்தில் பெட்டி முடிந்தது, வளையம் நிறைந்தது, ஒரு பிழை இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது பெரிய ரீச்சர் கதவடியில் நின்றார்.

“அழகாக இருக்கிறது. ஆனால் அடுக்கியது நீங்கள். பிள்ளைகள் அடுக்கவில்லை.”

அவருடைய முறை வேறு. மட்டைகளைத் தரையில் கொட்டிவிட வேண்டும். பிள்ளை தன் பாட்டில் பிரிக்கும். எப்படிப் பிரித்தாலும் பரவாயில்லை. நாங்கள் ஒரேயொரு கேள்விதான் கேட்கலாம்: ஏன்? பிள்ளை ஒரு காரணம் சொன்னால் அது சரி. எனக்குக் காது சூடாகிவிட்டது. சரியும் பிழையும் இல்லாத படிப்பு என்ன படிப்பு, பிறகு ரீச்சர் எதற்கு, மட்டையைக் கொட்டுவதற்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. யன்னலை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

கொட்டினேன். ஒரு பையன் பன்றியையும் யானையையும் தேனீயையும் ஒரே வளையத்துக்குள் வைத்தான். ஏன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இவர்களுக்குப் பசிக்கிறது என்றான். இன்னொருத்தி, அப்பாவின் காருக்குள் ஏறக்கூடியவை, ஏற முடியாதவை என்று பிரித்தாள். ஒட்டகச்சிவிங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் யோசித்தாள், பிறகு யன்னலைத் திறந்தால் ஏறும் என்று முடிவெடுத்தாள். ஒருவன் கங்காருவைத் தூக்கி வீட்டு வளையத்துக்குள் போட்டான். பிழை என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அவனுடைய மாமா தாயில்லாக் கங்காருக் குட்டியொன்றை ஒரு பையில் போட்டுக் குசினிக் கதவில் தொங்கவிட்டு வளர்க்கிறாராம்.

அதற்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். நானும் பாயில் இருந்து அடுக்கினேன். ஒருநாள் பசுவை வீட்டு வளையத்துக்குள் வைத்தேன். ஏன் மிஸ் என்று கங்காருப் பையன் கேட்டான். எங்கள் வீட்டுப் பசு குசினி யன்னலுக்குள் தலையை நீட்டிப் பழம் கேட்கும் என்றேன். அவன் நியாயத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு, சரி, வைக்கலாம் என்று அனுமதி தந்தான். அந்த நாட்டுக்கு வந்து என் வீட்டைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல்தரம். கேட்டவருக்கு நாலு வயது.

அந்த ஒன்பது பேரில் பேசாத பிள்ளை ஒருத்தி இருந்தாள். பெற்றோர் மால்ட்டாவிலிருந்து வந்தவர்கள். காதில் சின்னத் தோடு, நெற்றியில் விழுகிற கறுப்பு முடி. வருடத் தொடக்கத்தில் இருந்து பள்ளியில் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை என்று பெரிய ரீச்சர் சொன்னார். அவளும் மட்டைகளை எடுப்பாள், மடியில் வைத்துப் பார்ப்பாள். ஆனால் வளையத்துக்குள் வைக்கமாட்டாள். ஏன் என்று கேட்பார்களே, அதற்காகத்தான் வைக்கவில்லை என்று எனக்கு விளங்கியது. மாடிவீட்டில் இருந்து வந்தவளுக்கு அது விளங்காதா?

இனி, கழுதையின் கதை.

பாயில் சப்பாத்தோடு ஏற எனக்கு மனம் வராது, கழற்றிவிட்டுத்தான் ஏறுவேன். ஒருநாள் மட்டைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது என் வெறுங்கால் ஒரு மட்டையில் பட்டது. என்னைக் கேளாமல் கை குனிந்தது, மட்டையைத் தொட்டது, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது. கடதாசியில் கால் பட்டால் அப்படித்தான். நடக்கத் தொடங்கிய நாளில் இருந்து பழகிய கை அது. பாடப்புத்தகம் என்றாலும் பழைய பேப்பர் என்றாலும் எழுத்தும் படமும் கல்வி, கல்வியில் கால் படக்கூடாது. அன்றைக்குக் கால் பட்ட கல்வி ஒரு கழுதை.

ஒன்பது பேரும் பார்த்துவிட்டார்கள்.

“மிஸ், என்ன செய்தீர்கள்?” என்றான் கங்காருப் பையன்.

கலைவாணியையும் கடதாசியையும் காலையும் ஆங்கிலத்தில் ஒரே வசனத்தில் கட்ட முயன்றேன். வரவில்லை. “மன்னிப்புக் கேட்டேன்” என்றேன்.

“யாரிடம்?”

கீழே பார்த்தேன். “கழுதையிடம்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர்களுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. மிதித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீட்டிலும் சொல்லித்தானே வளர்க்கிறார்கள். அடுத்த நாள் ஒருத்தியின் கால் தாராவில் பட்டது. குனிந்தாள், தொட்டாள், கண்ணில் ஒற்றினாள். பிறகு எல்லாரும். இரண்டு பையன்கள் முதலையை வேண்டுமென்றே மிதித்துவிட்டு மிகப் பணிவாக மன்னிப்புக் கேட்டார்கள். பேசாத பிள்ளையும் செய்தாள். அவள் முழங்காலில் இருந்து, விரல் நுனியால் தொட்டு, வலக்கண், இடக்கண் என்று ஒவ்வொன்றாக ஒற்றினாள். யாரும் சொல்லித் தரவில்லை, நான் செய்ததைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் பெரிய ரீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் மணல்தொட்டியில் நிற்கிற நேரம்தானே என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதைவிட ஒளித்தேன் என்பதுதான் சரி. அந்த ஊரில் நான் செய்வதுபோல ஒரு காரியத்தை இன்னொருவர் செய்து எட்டு மாதம் நான் கண்டதில்லை. ஒரு கோயில் இல்லை. இன்றைக்குக் கோயில் நிற்கிற மேய்ஸ் ஹில் பக்கம் அப்போது பஸ்ஸில் போனால் வெறும் வீடும் புல்லும்தான். ஆனால் தகரக்கூரை மண்டபத்தில் ஒன்பது குழந்தைகள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நான் பேராசைப்பட்டேன். இன்னும் ஒருநாள், இன்னும் ஒருநாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குட்டு ஒரு திங்கட்கிழமை உடைந்தது. முதலையை மிதித்த பையன்களில் ஒருவனின் தாய் தாய்மார் குழுவின் தலைவி. ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தாத்தா குதிரைப்பந்தயப் பேப்பரைத் தரையில் விரித்துப் படித்துக்கொண்டிருந்தாராம். பையன் அதன்மேல் நடந்தான். நின்றான். குனிந்து, பந்தயக் குதிரையின் படத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றினான். தாத்தா விழுந்து விழுந்து சிரித்தாராம். தாய் சிரிக்கவில்லை.

பிள்ளைகள் போன பிறகு பெரிய ரீச்சர் என்னைச் சின்னக் கதிரையில் இருத்தினார். தானும் ஒரு சின்னக் கதிரையில் இருந்தார். முழங்கால் இரண்டும் அவருடைய முகத்து நாடியை இடித்தன.

“நீங்கள் பிள்ளைகளுக்கு மிருகங்களைக் கும்பிடக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று சொல்கிறார்கள். இது தேவாலயத்தின் மண்டபம். உங்களுக்குத் தெரியும்.”

“மிருகத்தை இல்லை. கடதாசியைத்தான்” என்றேன்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. ஆறுதலாக, சொல் சொல்லாகத் தேடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் கேட்டார்: “இது நல்ல பழக்கம்தானே. அப்படியென்றால் ஏன் கழுதையிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னீர்கள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

பதில் என்னிடம் இருந்தது. இப்படி உட்கார்ந்து கேட்பதற்கு எட்டு மாதமாக எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை, அதனால் உண்மையைச் சுருக்கியே பழகிவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மன்னியுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கெட்டவர் அல்ல. ஆனால் குழுவும் அவருக்கு மேலே இருந்தது. பிள்ளைகளிடம் இனிமேல் செய்ய வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். நானும் செய்யக்கூடாது. கடைசி நாள் அந்தத் தாய் வந்து என் பாடத்தைப் பார்ப்பார், அன்றைக்கு முடிவு. இரண்டு கிழமை இருந்தது.

அடுத்த நாள் பாயில் இருத்திச் சொன்னேன். இனி மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, மட்டைக்கு நோகாது. அவர்கள் ஏன் என்று கேட்பார்கள், அடம்பிடிப்பார்கள் என்று இரவு முழுக்கப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். சரி மிஸ் என்றார்கள். ஒருவன் மட்டைகளைக் கொட்டினான், இன்னொருவன் அவற்றின்மேல் ஓடினான். நாலு வயதில் விட்டுவிடுவது அவ்வளவு சுகம். எனக்குத்தான் யாரோ வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு போனதுபோல இருந்தது. பேசாத பிள்ளை மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன். அவர் வீட்டில் முழித்திருக்கிற ஒரே நாள் அது.

“செய்யாதையுங்கோ எண்டால் விடுமன். ஒரு மட்டைதானே” என்றார்.

“உங்களுக்கு எல்லாம் லேசு” என்றேன். எட்டு மாதத்துக் கோபம் முழுக்க அந்த ஒரு வசனத்தில் ஏறி வந்தது.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். “நான் காலமை திருநீறு பூசிக்கொண்டுதான் வெளிக்கிடுறன். ஸ்ரேசன் படியிலை லேஞ்சியாலை துடைச்சுப்போட்டுத்தான் ரெயினிலை ஏறுறன். உமக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான்.”

அந்தக் கைக்குட்டைகளை நான்தான் துவைக்கிறேன். அதில் ஒட்டியிருக்கும் வெள்ளையை மாலை வகுப்பின் வெண்கட்டித் தூசி என்று நினைத்திருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இருந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இஞ்சேருங்கோ என்று கூப்பிட்டேன். சோறு போட்டுக் கொடுத்தேன்.

கடைசிக் கிழமை நான் பாயில் நடப்பதே கண்ணாடிமேல் நடப்பதுபோல. மட்டைகளுக்கு இடையில் இடம் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன். அப்படியும் வியாழக்கிழமை, யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுக்க, கால் யானையில் பட்டது. சாடையாக அல்ல, முழுப் பாதமும். பெரிய ரீச்சர் கதவடியில் நின்றார். என் கை புறப்பட்டுவிட்டது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்தி, முழங்காலைச் சொறிந்தேன். எனக்கு அங்கே அரிக்கவில்லை. நிமிர்ந்தபோது பேசாத பிள்ளை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலைப் பார்த்தாள், யானையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். டிசம்பர்க் கோடை வெயிலில் தகரக்கூரை சடசடத்தது, வெளியே மரங்களில் சில்வண்டுகள் காதைப் பிய்த்தன. தலைவித்தாய் தொப்பியோடு வந்து யன்னலோரம் இருந்தார். பெரிய ரீச்சர் மணல்தொட்டிக்குப் போகவில்லை, எல்லாப் பிள்ளைகளையும் பாயில் இருத்தினார். நான் பெட்டியைக் கொட்டினேன். அவசரத்தில் பாதி மட்டை பாய்க்கு வெளியே போனது.

கங்காருப் பையன் கையைத் தூக்கும் முன்னமே பேசாத பிள்ளை எழுந்து வந்தாள். மூன்று வளையத்தில் ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தாள். மிச்சம் இரண்டு. மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கழுதையும் தாராவும் முதலையும் ஒரு வளையத்தில். சிங்கமும் ஆடும் பூனையும் மற்றதில். பிறகு பன்றி கழுதையோடு, கோழி சிங்கத்தோடு. அவள் ஒருதரமும் தடுமாறவில்லை. பண்ணையும் இல்லை, காடும் இல்லை, பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. எனக்கு மட்டும் நாலாவது மட்டையிலேயே விளங்கிவிட்டது.  பெரிய ரீச்சர் கேட்காமல் இருக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

பெரிய ரீச்சர் கேட்டார். “ஏன் இப்படிப் பிரித்தாய்?”

அவள் முதல் வளையத்தைத் தொட்டாள். “இவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம்.” மற்றதைத் தொட்டாள். “இவர்களிடம் கேட்கவில்லை.”

மெல்லிய, கரகரத்த குரல். பெரிய ரீச்சரின் கை ஊதுகுழலைப் பிடித்தபடி அப்படியே நின்றது. தலைவித்தாய் கதிரையில் நிமிர்ந்தார். பெரிய ரீச்சர் அவரைப் பார்த்து, “இந்த வருடம் இவள் பேசிய முதல் வார்த்தை” என்றார். பிறகு பிள்ளையிடம், “காரணம் சொன்னாய். அது சரி” என்றார். தன்னுடைய விதியைத் தானே மீற அவரால் முடியாது. நான் மூச்சை விட்டேன்.

ஆனால் அவள் முடிக்கவில்லை. கையில் ஒரு மட்டை மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். யானை.

“மிஸ், இது?”

அவளுக்குத் தெரியும். நேற்று அவள் பார்த்தாள். எந்த வளையம் என்று அவள் கேட்கவில்லை, நான் மன்னிப்புக் கேட்பேனா என்று கேட்கிறாள். மட்டையை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். நான் பாயில் சம்மணமிட்டு இருந்ததால் அது சரியாக என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. குனியக்கூடத் தேவையில்லை. தலையைச் சாணளவு முன்னுக்குக் கொண்டுபோனால் போதும். யன்னலோரத்தில் தொப்பி அசையவில்லை. பெரிய ரீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன எதிர்பார்த்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“அதை மற்ற வளையத்துக்குள் வை, பிள்ளை” என்றேன்.

அவள் மட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு போய், மன்னிப்புக் கேட்காதவற்றின் வளையத்துக்குள் யானையை வைத்தாள். கோணலாக இருந்ததை விரலால் தள்ளி நேராக்கினாள். தன் இடத்தில் போய் இருந்தாள். அன்றைக்கு அவள் வேறொன்றும் பேசவில்லை.

தலைவித்தாய் போகும்போது என்னைப் பார்த்து முதல்தரமாகச் சிரித்தார். பெரிய ரீச்சர் வந்து என் தோளில் கை வைத்து, புது வருடத்துக்கும் வாருங்கள், பாய்ப் பாடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் நன்றி சொன்னேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. எல்லாரும் போன பிறகு தூரிகைகளைக் கழுவினேன், மட்டைகளைப் பொறுக்கினேன். யானையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றினேன். ஒருவரும் இல்லாத மண்டபத்தில் அதைச் செய்ய எனக்கு ஒரு துளி துணிச்சலும் தேவைப்படவில்லை. அதுதான் வெட்கமாக இருந்தது.

தை மாதம் முடிய அந்தப் பிள்ளைகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அவளை நான் பிறகு காணவில்லை. அந்த மண்டபத்தில் பதினொரு வருடம் இருந்தேன், கடைசி நாலு வருடம் நானே பெரிய ரீச்சர். மட்டைகள் கிழியக் கிழியப் புதிதாக வெட்டி ஒட்டினோம். யானையை மட்டும் மாற்ற நான் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் பாயில் கொட்டிவிட்டு, அது யாருடைய கையில் போகிறது என்று பார்த்திருப்பேன். பண்ணையில் வைத்தார்கள், காட்டில் வைத்தார்கள், பசித்தவர்களோடு வைத்தார்கள். அதை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பிறகு ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.